ஆடுகளத்தில் தலைமை

ஒரு கோஷ்டியை நடத்திச் செல்லும் திறமை ஆணுக்கு ஒருவிதமாகவும் பெண்ணுக்கு வேறொரு விதமாகவும் இயற்கையிலேயே அமைந்துள்ளது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆண் கட்டளையிட்டு நடத்துவான், பெண் அரவணைத்து நடத்துவாள் என்று சொல்லுவார்கள். இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். அரசியலையும் நிர்வாகத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, விளையாட்டையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். அரசியலில் ஒரு தலைமையின் பயனைக் காணப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். ஆட்டத்திலோ அது மாலைக்குள் தெரிந்துவிடும்.

இந்த விசாரம் நம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். உத்தியோக நிமித்தம் புனே நகருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவருடைய மகளுக்கு வயது 16. கைப்பேசியில் பலர் கூடி ஆடும் இணைய ஆட்டத்தில் அவளுக்கு ஈடுபாடு அதிகம். ஏறக்குறைய நூறு பேர் ஒரு கற்பனைத் தீவில் இறங்கி, நால்வர் நால்வராகப் பிரிந்து போரிட்டு, இறுதிவரை எஞ்சி நிற்கும் கோஷ்டி வெற்றி பெறும் ஆட்டம் அது. எங்கே இறங்குவது, எப்போது இடம் பெயர்வது, வீழ்ந்தவனைத் தூக்கி நிறுத்தப் போவதா வேண்டாமா என்பவற்றை நால்வரில் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கோஷ்டியில் அவளே முடிவு செய்பவள். உடன் ஆடிய மூவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்த பையன்கள். அவள் ஆணா பெண்ணா என்று காட்டாத ஒரு புனைபெயரில், ஒலிவாங்கியை மூடி வைத்துக்கொண்டு, எழுத்தாலும் வரைபடத்தில் இடும் குறிகளாலும் கட்டளை தந்து வந்தாள். அவர்கள் அவளை 'பாய்' என்று அழைத்து, சொன்னபடி செய்து வந்தார்கள்.

ஒருநாள் ஒலிவாங்கி தவறுதலாகத் திறந்திருந்தது. அவள் தம்பியை அதட்டிய குரல் மூவர் காதிலும் விழுந்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "பாயின் தங்கையா ஆடுகிறாள்?" என்று வினவினான். அன்று முதல், முன்பு மறு பேச்சின்றி ஏற்கப்பட்ட அதே வகைக் கட்டளைகளுக்கெல்லாம் காரணம் கேட்கலானார்கள். ஒருவன் அவளுக்கே ஆடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினான். அவள் இரண்டு வாரம் பொறுத்தாள். பின் அக்கோஷ்டியை விட்டு, வேறொரு புனைபெயருடன் வேறு மூவரோடு சேர்ந்துகொண்டாள். ஒலிவாங்கி இப்போது எப்போதும் மூடியே இருக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சி முற்றிலும் அந்நியமானதன்று. தொலைபேசியில் நாம் மராத்தியிலோ இந்தியிலோ வாய் திறந்த மாத்திரத்தில், சொல்ல வந்த விஷயத்துக்கு முன்னே நம் உச்சரிப்பை எடைபோட்டவர்களை நாம் ஒவ்வொருவரும் சந்தித்திருக்கிறோம். எழுத்தில் அனுப்பிய குறிப்பு தடையின்றி ஏற்கப்பட்டு, நேரில் சொன்ன அதே குறிப்பு ஐயத்துடன் கேட்கப்பட்ட அனுபவமும் நமக்கு உண்டு. அப்பெண்ணின் தலைமையில் ஒரு மாற்றமும் நேரவில்லை. மாறியது கேட்டவர்களின் செவி.

இணைய ஆட்டங்களின் வரலாறு அவ்வளவு பழையதன்று. 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற ஆட்டமே பலர் ஒரே நேரத்தில் புகுந்து ஆடிய கற்பனை உலகங்களுள் முன்னோடி. அதில் படமும் இல்லை, குரலும் இல்லை, எழுத்து மட்டுமே. 1999-ல் எவர்குவெஸ்ட், 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவை வந்தபின் ஆட்டக் குழுக்கள் பெரிதாயின. பின்னதின் தொடக்க நாட்களில் ஒரு பெரும் படையெடுப்புக்கு 40 பேர் வரை சேர்ந்து வர வேண்டியிருந்தது. பல நாடுகளில் இருந்தவர்களைக் குறித்த நேரத்தில் கூட்டுவது, கிடைத்த பொருளைப் பங்கிடுவது, மனத்தாங்கலைத் தீர்ப்பது, போர் மூண்டதும் கணப்பொழுதில் ஆணையிடுவது ஆகிய அனைத்தும் ஒரே தலைவரின் பொறுப்பு. அரவணைப்பும் கட்டளையும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தன.

இவ்வாட்டங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளும் வந்துள்ளன. எவர்குவெஸ்டின் இரண்டாம் ஆட்டத்தில் சுமார் 7,000 பேரை ஆராய்ந்து டிமிட்ரி வில்லியம்ஸ் முதலானோர் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆடுவோரில் பெண்கள் சிறுபான்மையினரே; ஆனால் வாரத்துக்கு ஆண்கள் சராசரி 25 மணி நேரமும் பெண்கள் 29 மணி நேரமும் ஆடினார்கள். எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள் என்று கேட்டபோது இரு சாராருமே குறைத்துச் சொன்னார்கள். பெண்கள் அதிகமாகக் குறைத்துச் சொன்னார்கள். ஓர் அமெரிக்க ஆட்டத்தையும் ஒரு சீன ஆட்டத்தையும் ஒப்பிட்டு 2016-ல் வந்த மற்றோர் ஆராய்ச்சி, முன்னேறும் வேகத்தில் பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கவில்லை என்று கண்டது. திறமை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. அவ்வுழைப்பை வெளியே சொல்லிக்கொள்ளும் துணிவு மட்டும் குறைவாக இருக்கிறது என்பதே இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது.

முகமும் குரலும் மறைத்து ஆடும் வசதி இக்காலத்தது. அந்த வசதி இல்லாத காலத்தில், பெண்கள் திறந்த மைதானத்தில், ஊர் பார்க்க, சொந்தப் பெயரோடு தலைமை ஏற்க நேர்ந்தபோது என்ன நடந்தது? இதற்கு விடை தேட நாம் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. அவ்வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று இதே புனே நகரில் எழுதப்பட்டது.

பூனா என்று முன்பு வழங்கிய இந்நகரம் ஆட்டங்களுக்கு விதி வகுத்த ஊர். 1870-களில் இங்கிருந்த ஆங்கிலேய ராணுவத்தினர் ஆடிய ஆட்டத்திலிருந்தே பாட்மின்டன் உருப்பெற்றது. அதற்குப் பூனா என்றே ஒரு பெயரும் இருந்தது. 1914-ல் இங்குள்ள டெக்கான் ஜிம்கானா கோ-கோ ஆட்டத்துக்கு விதிகளை வகுத்தது. பெண் கல்விக்கும் இவ்வூர் முன்னோடி. 1848-ல் சாவித்திரிபாய் பூலேயும் அவர் கணவர் ஜோதிராவும் பெண்களுக்கென இங்கே பள்ளி தொடங்கினர். பள்ளிக்கு நடந்து சென்ற சாவித்திரிபாயின் மீது சேறு வீசினார்கள் என்றும், மாற்றுப் புடவை ஒன்றை அவர் உடன் கொண்டு போனார் என்றும் இன்றளவும் சொல்லப்படுகிறது.

கிரிக்கெட்டில் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயம் 1934 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்தது. நம் நாட்டில் 1973-ல்தான் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் லக்னோவில் பதிவாயிற்று. மகேந்திர குமார் சர்மா அதன் செயலாளர். பேகம் ஹமீதா ஹபிபுல்லா தலைவர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் மாநிலங்களுக்கு இடையிலான முதல் தேசியப் போட்டி புனேயில் நடைபெற்றது. வந்தவை பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று கோஷ்டிகளே. அவ்வாண்டின் பிற்பகுதியில் வாரணாசியில் நடந்த அடுத்த போட்டிக்கு எட்டுக் கோஷ்டிகள் வந்தன. கல்கத்தாவில் நடந்த மூன்றாவது போட்டிக்கு 14 வந்தன. மூன்று கோஷ்டிகள் ஆடியதை ஒரு தேசியப் போட்டி என்று அழைக்கத் துணிந்தவர்களின் நம்பிக்கை வீண்போகவில்லை. பெண்களின் முதல் உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடந்ததும் அதே 1973-ஆம் ஆண்டில்தான். ஆண்களுக்கு 1975-ல்தான் அது வாய்த்தது என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி.

1975-ல் ஆஸ்திரேலியாவின் 25 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கோஷ்டி இங்கு வந்து மூன்று பந்தயங்கள் ஆடியது. முதற்பந்தயம் புனேயில், இந்தியாவின் காப்டன் உஜ்வலா நிகம். இரண்டாவது தில்லியில், காப்டன் சென்னையைச் சேர்ந்த சுதா ஷா. மூன்றாவது கல்கத்தாவில், காப்டன் ஸ்ரீரூபா போஸ். ஒரே தொடரில் மூன்று ஊர்கள், மூன்று காப்டன்கள். தலைமை என்பது ஒருத்தியின் தனிச்சொத்தாக இறுகுவதற்கு முன், பலர் கையில் புழங்கிப் பார்க்கப்பட்டது.

அக்காலத்து ஆட்டக்காரிகள் இடம் பதிவு செய்யாத ரயில் பெட்டிகளில் பயணம் செய்தார்கள். பொதுக் கூடங்களில் படுத்தார்கள். இருந்த சில மட்டைகளைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஆட்டத்தால் வருவாய் ஏதும் இல்லை. இந்நிலையில் காப்டனாக இருந்தவள் பந்து வீச்சை மாற்றுவதோடு, யார் சாப்பிட்டார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அனுமதி கடினம் என்பவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் இதனைப் 'பெண்மைக்கே உரிய அன்புத் தலைமை' என்று புகழ்ந்தார்கள். இங்கேதான் ஒரு பிழை நேர்கிறது. வாரியமும் நிர்வாகியும் மருத்துவரும் சமையலும் ஏற்பாடாகியிருந்த இடத்தில், ஆண் காப்டன் களத்தை மட்டும் கவனித்தால் போதும். அவை ஒன்றும் இல்லாத இடத்தில் யார் தலைவராக வந்தாலும் தாயாகவும் இருந்தே தீர வேண்டும். நிலைமையின் தேவையை நாம் இயற்கையின் குணம் என்று எழுதிவிட்டோம்.

இது வெறும் வாதம் அன்று என்பதற்கு அடுத்து வந்த தலைவியரே சான்று. 1976 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் மேற்கிந்தியக் கோஷ்டிக்கு எதிராக இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடத் தொடங்கினர். காப்டன் சாந்தா ரங்கசாமி. 1954-ல் சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்கு ஆடியவர். நவம்பரில் பாட்னாவில் அவர் தலைமையில் முதல் டெஸ்ட் வெற்றி கிட்டியது. 1977-ல் நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 108 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்ட் பந்தயத்தில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்மணி ஆனார். முன்னின்று அடித்துக் காட்டிப் பிறரைத் தம் பின்னே வரச் செய்தவர் அவர்.

1978 உலகக் கோப்பையில் இந்தியாவுக்குத் தலைமை ஏற்ற டயானா எடுல்ஜி வேறொரு வகையினர். மேற்கு ரயில்வேயில் பணிபுரிந்த அவர், ஆட்டக்காரிகளுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக உழைத்தார். 1986-ல் லார்ட்ஸ் மைதானத்தின் பெவிலியனில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதை மென்று விழுங்காமல் பத்திரிகைகள் அறியப் பேசியவர் அவர். அம்மைதானத்துக்கு உரிய எம்.சி.சி. சங்கம் 1787-ல் தோன்றியது; பெண்களை உறுப்பினராக ஏற்க அது முடிவு செய்தது 1998-ல்தான். உரிமையைக் கேட்டுப் பெறுவது எடுல்ஜியின் தலைமை முறை.

மிதாலி ராஜை நம் போன்றோர் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். விமானப் படையில் பணிபுரிந்த துரைராஜ் என்ற தமிழரின் மகளாக 1982-ல் ஜோத்பூரில் பிறந்து, ஹைதராபாதில் வளர்ந்தவர். வெளி மாநிலத்துத் தமிழ்க் குடும்பத்தின் பெண். 2005-லும் 2017-லும் உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்துக்கு இந்தியாவை நடத்திச் சென்றார். 2017 போட்டியில் மட்டை பிடிக்கத் தம் முறை வரும் வரை அவர் எல்லைக்கோட்டருகே அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த படம் உலகெங்கும் பரவியது. உரத்த சொல்லோ பதற்றமோ அற்ற தலைமை அவருடையது. அந்த இறுதிப் பந்தயம் நடந்த இடம் லார்ட்ஸ். இந்தியா 9 ஓட்டங்களில் தோற்றது. ஆனால் அரங்கம் நிறைந்திருந்தது.

அதே போட்டியின் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 171 ஓட்டங்கள் குவித்தவர் ஹர்மன்பிரீத் கௌர். உடன் ஓடியவர் தயங்கினால் களத்திலேயே கடிந்துகொள்வார். வென்றால் கண்ணீர் விடுவார். அவர் தலைமையில் 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று, இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றினர்.

முன்னின்று அடித்தவர் ஒருவர், உரிமைக்கு வாதாடியவர் ஒருவர், அமைதி காத்தவர் ஒருவர், உணர்ச்சியைக் கொட்டியவர் ஒருவர். இந்நால்வரில் எவருடையது பெண்ணுக்கு உரிய தலைமை? ஆண்களின் வரலாறும் இதே பாடத்தைத்தான் தருகிறது. இங்கிலாந்தின் மைக் பிரியர்லி 39 டெஸ்ட் பந்தயங்களில் ஒரு சதமும் அடித்ததில்லை. அவற்றில் 31-க்கு அவரே காப்டன். ஆட்டக்காரர்களின் மனத்தை அறிந்து நடத்துவதில் வல்லவர் என்பதே அவருடைய பெருமை; பிற்காலத்தில் அவர் உளப்பகுப்பாய்வுத் தொழிலையே மேற்கொண்டார். பெண்மைக்குரியது என்று நாம் சொல்லும் முறையால் ஓர் ஆண் வென்றார். ஆகவே தலைமையின் முறை அவரவர் சுபாவத்தையும் கோஷ்டியின் தேவையையும் பொறுத்தது. ஆண், பெண் என்ற பிரிவைப் பொறுத்ததன்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சிறு கருத்து தோன்றுகிறது. மட்டை பிடிப்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஆண்பாலில் வழங்கிய சொல்லை நீக்கி, இரு பாலுக்கும் பொதுவான சொல்லை எம்.சி.சி. தன் விதிகளில் ஏற்றது 2021-ல். தமிழில் நமக்கு அத்தொல்லையே இல்லை. தலைவர், ஆட்டக்காரர், மட்டையாளர் என்று மரியாதை விகுதி சேர்த்தால் போதும். ஆணும் பெண்ணும் அதில் அடங்குவர். ஆயினும் சொல்லில் இடம் இருந்தால் மனத்திலும் இடம் இருக்கும் என்று நாம் இறுமாந்துவிட முடியாது. சங்க அகப்பாடல்களில் பெயரளவில் தலைமை தலைவனுக்கும் தலைவிக்கும். தலைவனை மணத்துக்கு நெருக்குவதும், செவிலிக்குச் செய்தியைப் பக்குவமாக எடுத்துரைப்பதும், உடன்போக்குக்கு வழி செய்வதும் தோழி. காரியம் அவளுடையது, பெயர் பிறருடையது. ஒலிவாங்கியை மூடிக்கொண்டு கோஷ்டியை நடத்தும் நம் நண்பரின் மகளும் இந்தத் தோழியைப் போன்றவளே.

அவள் செய்தது தவறென்று நாம் சொல்லவில்லை. முகம் அறியாதவர்கள் கூடும் இடத்தில் ஓர் இளம்பெண் தன்னைக் காத்துக்கொள்வது விவேகம். தன் உண்மைப் பெயரையும் ஊரையும் அங்கே கூறாதிருப்பதே முறை. எனினும் ஒரு நஷ்டத்தை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1973-ல் புனே மைதானத்தில் இறங்கியவர்கள் பெண்களாகவே இறங்கினார்கள். அதைக் கண்டவர்களும் கேட்டவர்களும் வாரணாசிக்கும் கல்கத்தாவுக்கும் வந்தார்கள். மூன்று கோஷ்டிகள் பதினான்கு ஆனது அவ்வாறே. ஒரு பெண் தலைமை தாங்கி வென்றதை 'பாய்' வென்றதாக மூன்று பையன்கள் நினைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்றும் கற்பதில்லை. அடுத்து வரும் சிறுமிக்கும் தனக்கு முன் ஒருத்தி நின்றாள் என்பது தெரிவதில்லை. மறைவு ஒருத்திக்குப் பாதுகாப்பு தருகிறது, பாதை போடுவதில்லை.

இவ்வாட்டங்கள் இனி வீட்டு மூலையில் ஒதுங்கிக் கிடக்கப் போவதில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்-விளையாட்டைப் பல்துறைப் போட்டிகளில் ஒரு பகுதியாக அங்கீகரித்தது. 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின்-விளையாட்டை ஊக்குவிக்க வழி செய்தது. புனேயில் இயங்கும் சூப்பர் கேமிங் நிறுவனம் 2024-ல் 'இண்டஸ்' என்னும் இத்தகைய ஆட்டம் ஒன்றைத் தானே உருவாக்கி வெளியிட்டது. களம் புதிது, காப்டனின் குரலைக் கேட்கும் செவி மட்டும் பழையதாகவே இருக்கிறது.

அச்செவியைத் திருத்தும் வேலை இல்லத்தில் தொடங்க வேண்டும். நம் பையன்களும் இக்கோஷ்டிகளில் ஆடுகிறார்கள். அன்று காரணம் கேட்டு நச்சரித்த மூவரும் யாரோ மூன்று தாய்மாரின் பிள்ளைகளே. உச்சரிப்பைக் கொண்டு நம்மை எடைபோட்டபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை அவர்களிடம் சொல்லலாம். நம் பெண்களிடம், எவ்வளவு நேரம் ஆடுகிறாய் என்று மட்டும் கேட்காமல், யார் தலைமையில் ஆடுகிறாய் என்றும் கேட்கலாம். நாம் நண்பரின் மகளிடம் அவ்வாறு கேட்டோம். கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், "நான்தான் மாமா" என்றாள். அவள் குரல் தெளிவாகவே இருந்தது.